வரப்பில் நின்று பார்ப்பவர்

நம்மவர் வீடுகளில் கூடத்துச் சுவரிலே ஒரு கிராமம் தொங்கிக் கொண்டிருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அந்தக் கிராமத்துக்குப் பெயர் கிடையாது. ஜில்லா, தாலுகா கிடையாது. கிஸ்தி, கடன் ஒன்றும் கிடையாது. இரண்டு தென்னை மரங்கள், ஒரு குளம், குளத்திலே பாதி முழுகிய சூரியன், ஒரு மாட்டு வண்டி, இடுப்பில் குடத்துடன் ஒரு பெண் – இவ்வளவுதான் அந்த ஊரின் ஜனத்தொகையும் ஆஸ்தியும். அந்த வண்டியின் சக்கரம் சேற்றில் புதைவதில்லை. பெண்ணுக்குக் குடம் கனப்பதில்லை. தூரத்திலே ஒருவர் ஏர் பிடித்துக் கொண்டிருப்பார். அவருக்கு வியர்வையும் இல்லை, வயதும் இல்லை, உற்றுப் பார்த்தால் முகமும் இல்லை. சூரியனோ எத்தனை வருஷமானாலும் அஸ்தமிப்பதே இல்லை!

இந்தப் படத்தை வாங்கி மாட்டுகிறவர்களை நாம் பரிகாசம் செய்வதாக எண்ண வேண்டாம். படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் ஊரை விட்டுப் புறப்பட்டுப் பட்டணம் சேர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. வந்த இடத்தில் சௌக்கியமாகவே இருக்கிறோம். ஆனாலும் நெஞ்சின் ஒரு மூலையில் ஏதோ ஒரு குறை இருந்து கொண்டே இருக்கிறது. ஊரிலேயே இருப்பவர் ஊரின் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. விட்டு வந்தவருக்குத்தான் அது வேண்டியிருக்கிறது. அந்த ஏக்கத்தில் பொய் ஒன்றும் இல்லை. பொய் இருப்பது படத்தில்தான். அப்படியானால் மெய்யான கிராமப் படம் எப்படி இருக்கும் என்று கேட்கலாம் அல்லவா? அதற்கு விடை தேட, முதலில் எழும்பூரில் ரயில் ஏறித் தெற்கே கொஞ்ச தூரம் போய் வருவோம்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நடுவே சிறு ஸ்டேஷன்கள். வேக வண்டிகள் இவற்றை லட்சியம் செய்யாமல் ஓடிவிடும். பிரயாணிகளும் அப்படியே. செங்கற்பட்டு ஏரியைப் பார்க்க ஜன்னலோரம் வந்தவர்கள், திண்டிவனம் தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். "இங்கே பார்க்க என்ன ஸ்வாமி இருக்கிறது? வெறும் செம்மண்ணும் பனைமரமும்!" என்று எதிரே இருந்த கனவான் ஒருவர் நம்மிடம் ஒரு சமயம் சொன்னார்.

அவர் சொன்னது ஒருவகையில் சரிதான். காவேரியின் பசுமையோ குற்றாலத்தின் சாரலோ இங்கே இல்லை. ஏரியின் கீழே கொஞ்சம் நெல், முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையை நம்பிய கரும்பு, மற்றபடி வானத்தை நம்பிய புன்செய். அந்தப் புன்செய்க்கு இந்தப் பக்கத்தில் 'கொல்லை' என்று பெயர். கொல்லையின் ராணி வேர்க்கடலை. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பயிர் பிலிப்பைன் தீவுகளின் மணிலா வழியாக வந்தது என்று கருதி, 'மணிலாக்கொட்டை' என்றார்கள் பெரியவர்கள். நாக்கில் தேய்ந்து தேய்ந்து அது இந்தச் சீமையில் 'மல்லாட்டை' ஆகிவிட்டது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சிப் பண்ணை தந்த விதைகளுக்கு டி.எம்.வி. என்று பெயர், அந்த மூன்று எழுத்துக்களும் திண்டிவனத்தின் சுருக்கமே. 1940-ம் வருஷத்தில் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் ரகம் இந்திய தேசத்தின் பல மாகாணங்களிலும் வெகு காலம் ஆட்சி செலுத்தியது. இந்த ஊரைக் கண்ணால் காணாத எத்தனையோ உழவர்கள் இந்த ஊரின் பெயரை விதைத்து அறுத்திருக்கிறார்கள்!

நம் முன்னோர்களுக்கு மயிலத்துக்கு அருகே சில ஏக்கர் கொல்லை இருந்தது. பள்ளிக்கூட விடுமுறைகளில் அங்கே போய் நாம் கண்ட ஒரு காட்சியைத்தான் இங்கே சொல்ல வேண்டும். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி, காய் ஆய்ந்து, அளந்து மூட்டை கட்டின பிறகும் கொல்லையில் வேலை தீர்ந்துவிடுவதில்லை. ஈரம் காய்ந்து மண் இறுகிப் போயிருந்தால், செடி கையோடு வரும். காய்களில் சில மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மறுநாள் விடிவதற்குள், களைக்கொட்டும் கிழிந்த முறமுமாகச் சில பெண்கள் வந்துவிடுவார்கள். ஏரிக்கு அப்புறத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். எங்கள் தெருவுக்குள் வருவதற்கு அந்நாளில் அவர்களுக்குத் தடை இருந்தது. கொல்லைக்குள் வருவதற்கு இல்லை. வெயில் ஏறும் வரையில் நிமிராமல் மண்ணைக் கொத்திக் கொத்திப் பொறுக்குவார்கள். அரைப்படி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

"பொறுக்க வருகிறவர்களை விரட்டக் கூடாது, மண்ணுக்குள் நின்றது மண்ணை நம்பினவர்களுக்கு" என்பது எங்கள் பாட்டியின் சட்டம். சிறிய தகப்பனார் சட்டத்தை மீறவில்லை. ஆனால் குடையைப் பிடித்துக் கொண்டு வரப்பிலேயே நிற்பார். ஆய்ந்து வைத்த குவியலின் பக்கம் யாருடைய கையும் நீளாமல் பார்த்துக் கொள்வதற்காக!

* * *

இந்தக் காட்சியை அச்சு அசலாக எழுதி வைத்திருக்கும் சித்திரம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. எழுதியவர் இந்தப் பக்கம் வந்தவர் அல்லர். ழான் பிரான்ஸுவா மில்லே என்னும் பிரெஞ்சுக்காரர். 1814-ல் நார்மண்டிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்திலே பிறந்து, வாலிபம் வரையில் தகப்பனாரோடு வயலில் பாடுபட்டவர். பாரிஸுக்குப் போய்ச் சித்திரம் பயின்றும் அந்த நகரத்தில் மனம் ஒட்டாமல், 1849-ல் பார்பிஸோன் என்ற காட்டோரத்துக் கிராமத்தில் குடியேறி, 1875-ல் காலமாகும் வரையில் அங்கேயே வாழ்ந்தார்.

1857-ம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய படத்துக்குக் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' என்று பெயர். இப்போது பாரிஸில் ஓர்ஸே சித்திரசாலையில் இருக்கிறது. அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்; உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கோதுமை அறுத்த வயலிலே மூன்று பெண்கள். இருவர் முற்றும் குனிந்திருக்கிறார்கள். மூன்றாமவள் அரைகுறையாக நிமிர்ந்திருக்கிறாள். ஓய்வுக்காக நிமிர்ந்தாளா, மறுபடி குனியப் போகிறாளா என்று சொல்ல முடியாது. ஒருத்தியின் இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கி, அதுவரை பொறுக்கிய சொற்பக் கதிர்களைப் பிடித்திருக்கிறது. எவ்வளவு நேரம் குனிந்திருந்தால் கை அப்படித் தானாக முதுகுக்குப் போகும் என்பது களை எடுத்தவர்களுக்குத் தெரியும், மில்லேக்கும் தெரிந்திருந்தது. பின்னால் தூரத்திலே மாலை வெயிலில் மலைமலையாய்ப் போர்கள், வண்டி, கும்பலாய் அறுவடைக்காரர்கள். லக்ஷ்மி அங்கே இருக்கிறாள். முன்னாலே இருப்பது அவள் கால் பட்டுச் சிந்தியது.

அறுவடைக்குப் பிறகு சிந்திய கதிரை ஏழைகள் பொறுக்கிக் கொள்ளலாம் என்பது பிரெஞ்சு தேசத்தின் பழைய வழக்கம். வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விடவேண்டும் என்று கிறிஸ்தவ வேதத்தின் பழைய ஏற்பாடும் கூறுகிறது. எங்கள் பாட்டி அந்த வேதத்தைப் படித்தவள் அல்லள், எழுத்தே அறியாதவள். ஆனால் விளைச்சலில் சிந்தியது எளியவருக்கு என்பதில் மயிலமும் பார்பிஸோனும் பழைய ஏற்பாடும் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

படத்தைக் கண்ட பாரிஸ் கனவான்களுக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு ஒன்பது வருஷம் முன்புதான், 1848-ல், அங்கே ஒரு புரட்சி நடந்து முடிந்திருந்தது. ஏழைகளை இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கம்பீரமாக எழுதுவதில் ஏதோ சூது இருக்கிறது என்று சில விமரிசகர்கள் பயந்து போனார்கள். மூன்று பெண்களும் கையில் ஆயுதம் ஏந்தவில்லை, எதிரே பார்க்கவுமில்லை. குனிந்த மூன்று முதுகுகளைக் கண்டு பயப்படுவதென்றால், பயப்படுகிறவர் மனத்தில்தான் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நேயர்களுக்கு ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறிப் பிரெஞ்சு தேசத்து மார்ஸேல் பட்டணத்துக்குப் போயிற்று. அங்கே ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள், சோப்புக் காய்ச்சினார்கள். திண்டிவனத்துக் குனிந்த முதுகுக்கும் பிரெஞ்சு நாட்டுக் கனவானின் வெளுத்த சட்டைக்கும் அப்படி ஒரு சம்பந்தம் ஏற்பட்டிருந்தது. சட்டை போட்டவருக்கு அது தெரிந்திராது. கொல்லையில் இருந்தவளுக்கும் தெரிந்திராது.

மில்லேயின் படம் அச்சிட்ட புத்தகம் ஒன்றை நம் வீட்டுக் குழந்தை ஒரு நாள் விரித்து வைத்துக் கொண்டிருந்தாள். "தாத்தா, இந்த மூன்று பேரும் எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள்?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னோம். கதிர், அறுவடை, பொறுக்குதல், எங்கள் பாட்டியின் சட்டம் எல்லாவற்றையும் சொன்னோம். குழந்தைகளின் கண் பொல்லாதது. படத்தின் வலது பக்கத்து மூலையில் விரலை வைத்து, "அப்படியானால் குதிரைமேல் இருக்கிறவர் யார்?" என்றாள்.

தூரத்தில், சிறு புள்ளி மாதிரி, குதிரைமேல் ஒருவர் இருக்கிறார். பண்ணையின் மேற்பார்வைக்காரர். அவர் ஒரு தீங்கும் செய்யவில்லை. யாரையும் அதட்டவில்லை. சும்மா இருக்கிறார், பார்த்துக் கொண்டிருக்கிறார். அவருக்குக் கையில் ஒரு குடையைக் கொடுத்து, குதிரையிலிருந்து இறக்கி வரப்பிலே விட்டால், எங்கள் சிறிய தகப்பனார்தான்!

கிராமப் படத்தைக் காண்கிற நம்மில் பலரும் நம் மூதாதையரை அதில் தேடுகிறோம். தேடும்போது ஏர் பிடிக்கிறவரையோ நாற்று நடுகிறவளையோ நம்மவர் என்று எண்ணிக் கொள்கிறோம். உழுதவர்களின் சந்ததி நம்மிடையே நிரம்ப உண்டு. அவர்கள் அப்படி எண்ணுவது நியாயம். ஆனால் வரப்பில் நின்றவர்களின் சந்ததியும் உண்டு. பொய்யான படத்தில் வரப்பும் இல்லை, வரப்பில் நிற்பவரும் இல்லை. ஆகையால் பார்க்கிறவர் எங்கே வேண்டுமானாலும் தம்மை வைத்துக் கொள்ளலாம். மெய்யான படத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. அதில் எல்லாருக்கும் அவரவர் இடம் உண்டு.

* * *

நம் நாட்டிலே இந்தக் காட்சியை எழுதினவர்கள் எங்கே நின்று எழுதினார்கள் என்று பார்ப்பது சுவாரஸ்யமான விஷயம்.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவலூர் செல்லும் சாலையில் கீழ்வாலை என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாறையில் செங்காவியால் தீட்டிய மிகப் பழங்காலத்து உருவங்கள் உண்டு. வரலாற்றுக்கு முற்பட்டவை என்பது அறிஞர்களின் கருத்து. கோடுகளாலான மனிதர்கள், அவர்களுடன் ஒரு விலங்கு. எழுதினவர் வேறு, எழுதப்பட்டவர் வேறு என்ற பேதம் அந்தப் பாறையில் தோன்றவில்லை. அதே விழுப்புரத்துப் பக்கத்தில் பனமலையிலே ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கோயிலில், முடியணிந்து குடைநிழலில் ஒய்யாரமாய் நிற்கும் தேவியின் சித்திரம் இன்றைக்கும் சிதைந்தும் சிதையாமலும் விளங்குகிறது. அரசன் கோயில் எடுத்தான். சித்திரக்காரர் தேவியை எழுதினார். கோயிலுக்கு நெல் அளந்த குடியானவருக்கு அந்தச் சுவரில் இடம் ஏற்படவில்லை.

1792-ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலச் சித்திரக்காரர்கள் தமிழ்நாட்டில் பிரயாணம் செய்து, மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களை அற்புதமாக எழுதினார்கள். மலையும் கோபுரமும் மரமும் உயிரோடு நிற்கின்றன. அடியிலே ஜனங்களும் உண்டு, ஆனால் சின்னஞ்சிறியவர்களாக. மலை எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? அதற்கு நம்மவர் உபயோகப்பட்டார்கள்!

அளவுகோலாக இருந்தவர் நாயகராக ஆவதற்கு வெகு காலம் பிடித்தது. 1938-ல் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குக் காந்தியடிகளின் விருப்பப்படி நந்தலால் போஸ் படங்கள் எழுதினார். சாந்திநிகேதனத்துச் சீடர்களும் சேர்ந்து ஏறக்குறைய 400 படங்கள் ஆயிற்று. கடைசல்காரர், பஞ்சு கொட்டுகிறவர், மத்தளம் அடிக்கிறவர், உழுகிறவர் – எல்லாரும் மண்ணிலிருந்து எடுத்த வர்ணங்களில், பந்தலின் வாயில்களில், கிராமத்து ஜனங்களே வந்து பார்க்கும்படி நின்றார்கள். மில்லேயின் பாணி வேறு, நந்தலாலின் பாணி வேறு. ஆனால் உழைக்கிறவரைப் படத்தின் நடுவிலே நிறுத்தியதில் இருவரும் ஒன்று.

சென்னையில் 1850-ல் தோன்றிய சித்திரப் பள்ளிக்கு 1929-ல் தலைமை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌதுரி, பிற்பாடு பெரும் பாறையைப் புரட்டும் நான்கு மனிதர்களைச் சிலையாகச் செய்தார். 1959 முதல் மெரினாக் கடற்கரையில் அந்த உழைப்பாளர் சிலை நிற்கிறது. காற்று வாங்கப் போகும் நாம் அந்தத் தசைநார்களை ஒரு நிமிஷமாவது நின்று பார்த்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் காலத்தில், ஓவியர் எஸ். இளையராஜா ஒருவர் தோன்றினார். சங்கீத உலகத்து இளையராஜா வேறு. இவர் கும்பகோணத்துப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் சித்திரம் பயின்றவர். ஓட்டுக் கூரையின் சந்திலிருந்து விழும் வெயில், அடுப்பங்கரைப் புகை, தேய்த்துத் தேய்த்து மெலிந்த பாத்திரம், வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கறுத்த மேனிப் பெண் – இவற்றை அவர் தைல வர்ணத்தில் எழுதியதைப் பார்த்தவர்கள், புகைப்படம் என்றே முதலில் நினைத்தார்கள். ஆனால் புகைப்படத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. அந்தப் பெண்கள் யாரோ பார்க்கிறார் என்பதற்காக நிற்கவில்லை. வீட்டு மனுஷர் ஒருவர் உள்ளே வந்தால் எப்படித் தம் வேலையைத் தொடர்வார்களோ அப்படி இருந்தார்கள். வரப்பில் நின்று எழுதினால் இது வராது. 2021-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கொரோனா நோய் அந்த விரல்களைக் கொண்டு போய்விட்டது. தமிழ்நாட்டுக்கு அது சிறிய நஷ்டம் அன்று.

சித்திரக்காரரின் கதையும் குடியானவரின் கதையும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. வயலில் நின்று இருவர் மாலைப் பிரார்த்தனை செய்யும் மில்லேயின் மற்றொரு படம் 1889-ல் ஏலத்தில் 5,53,000 பிராங்குக்குப் போயிற்று. மில்லே இறந்து அப்போது பதினான்கு வருஷம். வாங்கினவர் கொடுத்தார், விற்றவர் பெற்றார். எழுதியவர் குடும்பத்துக்கு அதில் பங்கு இல்லை. இந்த அநியாயம் பலர் மனத்தை உறுத்தியதன் பலனாக, மறு விற்பனையில் சித்திரக்காரருக்கும் அவர் வாரிசுகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று 1920-ல் பிரெஞ்சு ஸர்க்கார் சட்டம் செய்தார்கள். எண்ணெய் விலை ஏறும்போது மல்லாட்டை விளைவித்தவருக்கு என்ன பங்கு என்று கேட்கும் சட்டம் எப்போது வருமோ, தெரியவில்லை.

இதற்கிடையில் கொல்லையே மாறிக் கொண்டிருக்கிறது. பழைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து 1993-ல் விழுப்புரம் தனி ஜில்லாவாயிற்று. நெடுஞ்சாலை நான்கு தடங்களாக அகன்றது. சாலையின் இரு மருங்கிலும் கொல்லைகள் மனைகளாகிக் கொண்டு வருகின்றன. எங்கள் கொல்லையும் அவ்வாறே போயிற்று. சிறிய தகப்பனார் காலத்துக்குப் பிறகு அங்கே நின்று பயிர் செய்ய எங்களில் ஒருவரும் இல்லை. கையெழுத்துப் போட்டபோது எல்லாருக்கும் துக்கமாகத்தான் இருந்தது. பணத்தைப் பங்கு பிரித்துக் கொண்டபோது அவ்வளவு துக்கம் தெரியவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு அந்த வழியே போக நேர்ந்தது. அளந்து நட்ட வெள்ளைக் கற்களுக்கு நடுவே அங்கங்கே மல்லாட்டைச் செடிகள் முளைத்திருந்தன. முன் அறுவடையில் மண்ணுக்குள் தங்கின காய்கள்! ஒரு கிழவி அவற்றுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து புல் பிடுங்கிக் கொண்டிருந்தாள். யார் என்று விசாரித்தோம். ஏரிக்கு அப்புறத்துக் குடியிருப்பு. சிறு பெண்ணாக இருக்கும்போது தாயாரோடு இதே கொல்லையில் காய் பொறுக்க வந்தவளாம். "குடை சாமி வூட்டுப் புள்ளைங்களா நீங்க?" என்று கேட்டாள். அவள் எங்களை அடையாளம் கண்டுகொண்டது அந்தக் குடையினால்! அவள் பெயரை அன்றைக்குத்தான் நாம் முதன் முதலாகக் கேட்டுத் தெரிந்து கொண்டோம். அவள் தாயாரின் பெயரையும் கேட்டோம்.

நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது அதிகம் இல்லை. சுவரில் கிராமம் வேண்டுமானால் தாராளமாக மாட்டிக் கொள்ளுங்கள். ஆனால் முகம் உள்ள மனிதர்களாகப் பார்த்து மாட்டுங்கள். கும்பகோணத்திலும் சென்னையிலும் சித்திரக் கல்லூரிகளில் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் படிக்கிறார்கள். தங்கள் தாயாரின் கையை அச்சுப்போல் எழுதத் தெரிந்தவர்கள். அவர்களிடம் வாங்குங்கள். வாங்கிய படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டி, அதில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். "நம்மவர் இதில் எங்கே இருக்கிறார்?" என்று குழந்தை கேட்டால், உள்ளபடி விரலை வைத்துக் காட்டுங்கள். அடுத்த தடவை பகல் வண்டியில் தெற்கே போகும்போது, திண்டிவனம் தாண்டியதும் தூங்கிவிட வேண்டாம்.